செவ்வகத்தின் மூலைவிட்டமும் ஒரு கணக்கு ஆசிரியையின் முதல் பதிவும்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வயது 52. எங்கள் பள்ளியில் படித்த ஒருவர் சென்ற ஆண்டு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார். உடன் பணிபுரியும் இளைய ஆசிரியர் ஒருவர் என் பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கித் தந்தார். அதில் நாளிதழ்களில் வந்த மூன்று செய்திகளை எடுத்துப் போட்டிருக்கிறேன். சொந்தமாக எழுத வரவில்லை. ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர்த்தன்மை பற்றிய 11 நிமிட வீடியோ ஒன்றைக் காட்டினேன். பிள்ளைகள் மிகவும் மகிழ்ந்தார்கள். மறுநாள் செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடு வரையச் சொன்னபோது 31 பேரில் 19 பேர் மூலைவிட்டத்தை வரைந்தார்கள். தமிழில் தட்டச்சு செய்யவும் தடுமாறுகிறேன். பள்ளிக் கணினியில் அடித்ததை வலைப்பூவில் ஒட்டினால் எழுத்துகள் குழம்பிவிடுகின்றன. பிள்ளைகளின் படங்களைப் போடலாமா? ஓய்வு பெற எட்டு ஆண்டுகளே இருக்கும்போது இதையெல்லாம் புதிதாகக் கற்பது தேவைதானா? (பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்)

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வலைப்பூ, தட்டச்சு, பிள்ளைகளின் படம், வயது என்று பல கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவை எல்லாவற்றையும் விட, ஏதோ குறையை ஒப்புக்கொள்வது போல நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: 31 பேரில் 19 பேர் செவ்வகத்தின் மூலைவிட்டத்தைச் சமச்சீர்க் கோடாக வரைந்தார்கள் என்ற வரி. ஆசிரியர் பயிற்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கணக்கு ஆசிரியர் எழுதத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆகவே அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்த 19 பிள்ளைகளின் பக்கம் நின்று பார்ப்போம். சமச்சீர்க் கோடு ஓர் உருவத்தை இரண்டு சம பாகங்களாகப் பிரிக்கும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். செவ்வகத்தின் மூலைவிட்டமும் அதை இரண்டு சம முக்கோணங்களாகத்தான் பிரிக்கிறது. அப்படியானால் அவர்கள் கேட்டதை மறக்கவில்லை. கேட்டதைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் சேராமல் போனது, அந்த இரண்டு பாகங்களும் கோட்டின் வழியே மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை. வீடியோவில் அதுவும் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் பட்டாம்பூச்சியும் தாமரையும் திரையில் தாமே மடிந்து தாமே விரியும்போது, மடிப்பவர் யாரோ ஒருவராக இருக்கிறார். பார்க்கும் பிள்ளையின் கைக்கு அங்கே வேலை இல்லை. பொருந்தாமல் போகும் ஓர் உருவத்தை அந்த 11 நிமிடங்களில் எத்தனை முறை காட்டினார்கள் என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். நான் பார்த்த இத்தகைய வீடியோக்களில் பெரும்பாலானவை பொருந்துவனவற்றை மட்டுமே காட்டுகின்றன.

அடுத்த வகுப்பில் புரொஜெக்டரைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளைக் கொடுத்து, மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேலேயே மடிக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் சேராது, இரண்டு பக்கமும் முக்கோணமாகக் காது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். நகத்தால் அழுத்தித் தேய்த்து எப்படியாவது சேர்த்துவிடப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். சேர்க்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். "இரண்டும் சம அளவுதானே, பிறகு ஏன் ஒட்டவில்லை?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டிய நேரம் அது. யாராவது ஒருவர் மடித்த தாளைக் கோட்டோடு வெட்டி, ஒரு முக்கோணத்தைத் திருப்பி வைத்துப் பார்த்து, சுழற்றினால் பொருந்துகிறது, மடித்தால் பொருந்தவில்லை என்று சொன்னால், உங்கள் வகுப்பு சுழல் சமச்சீர்த்தன்மையின் வாசல்வரை தானாகவே வந்துவிட்டது என்று பொருள்.

புரொஜெக்டருக்கு வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. தாளால் செய்ய முடியாதது ஒன்று உண்டு: அதன் நீளத்தைக் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியாது. ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் அதைச் செய்யும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தம் முதுநிலை ஆய்வாக உருவாக்கத் தொடங்கிய இது, வகுப்பறைக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. அதில் ஒரு செவ்வகம் வரைந்து, மூலைவிட்டத்தைக் கோடாகப் போட்டு, எதிரொளிப்புக் கருவியால் செவ்வகத்தை அந்தக் கோட்டுக்கு எதிரொளித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தாளில் கண்ட அதே காதுகள் திரையிலும் தெரியும். பிறகு செவ்வகத்தின் நீளத்தைச் சுட்டியால் மெல்ல இழுத்துக் குறையுங்கள். காதுகள் சிறுத்துக்கொண்டே வரும். நீளமும் அகலமும் சமமாகும் அந்த ஒரு கணத்தில் அவை மறைந்து, எதிரொளிப்பும் மூல உருவமும் ஒன்றாகிவிடும். இன்னும் குறைத்தால் மறுபடி முளைக்கும். சதுரத்துக்கு மட்டும் மூலைவிட்டம் ஏன் சமச்சீர்க் கோடாகிறது என்பதை அந்த ஒரு இழுப்பு சொல்வதுபோல நான் எத்தனை வாக்கியம் சொன்னாலும் சொல்ல முடியாது. வகுப்பறைத் தொழில்நுட்பத்தைப் பற்றி என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் தரும் அளவுகோல் இதுதான்: கையாலும் தாளாலும் முடிவதை அவற்றாலேயே செய்யுங்கள், அவற்றால் முடியாத இடம் வரும்போது திரையை ஏற்றுங்கள்.

இப்போது வலைப்பூவுக்கு வருகிறேன். "சொந்தமாக எழுத வரவில்லை" என்கிறீர்கள். ஆனால் வீடியோ காட்டியது, பிள்ளைகள் மகிழ்ந்தது, மறுநாள் 19 பேர் மூலைவிட்டம் வரைந்தது ஆகிய மூன்றையும் மூன்றே வாக்கியங்களில், எண்ணிக்கையோடு, மிகையில்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் முதல் பதிவின் முதல் பாதி. தாள் மடிக்கும் வகுப்பை நடத்திய அன்று மாலையே, நினைவு ஆறுவதற்குள், மறுபாதியை எழுதுங்கள். எந்தப் பிள்ளை என்ன கேட்டது, எந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை, அதற்கடுத்த வாரம் மீண்டும் வரையச் சொன்னபோது 31 பேரில் எத்தனை பேர் சரியாக வரைந்தார்கள் என்பவை இருந்தால் போதும். அந்த எண்ணிக்கை நீங்கள் விரும்பியபடி அமையாவிட்டாலும் உள்ளபடியே எழுதுங்கள். "மாணவர்கள் ஆர்வத்துடன் கற்றனர்" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். அது பயிற்சி அறிக்கைகளில் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. அதைப் படிக்கும் இன்னொரு ஆசிரியருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆசிரியர்களுக்காகத் தமிழில் நடக்கும் வலைத்தளங்களில் அரசாணை, மாறுதல் கலந்தாய்வு, அகவிலைப்படி, வினாத்தாள், விடைக்குறிப்பு ஆகியவை உடனுக்குடன் வந்துவிடுகின்றன. அவற்றால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். நானும் அவற்றைப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பணியைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். ஒரு பாடத்தை இன்ன ஊரில், இன்ன வகுப்பில் நடத்தியபோது என்ன நேர்ந்தது என்பதை எழுதுபவர்கள் மிகச் சிலரே. உங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 2015 அக்டோபரில் வலைப்பதிவர் திருவிழா நடந்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். எழுதும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் தனியே ஒரு பாதை வெட்ட வேண்டியதில்லை.

எடுத்துப் போட்ட மூன்று செய்திகளையும் நீக்கிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாடம் நடத்தும்போது ஆசிரியர் பிறர் எழுத்தைப் பயன்படுத்துவதற்கு 52-ஆம் பிரிவில் இடம் தருகிறது. அந்தச் சலுகை வகுப்பறைக்கு உரியது. உலகம் முழுவதும் படிக்கும் பக்கத்தில் ஒரு நாளிதழ்ச் செய்தியை முழுமையாக வெளியிடுவதற்கு அது பொருந்தாது. ஒரு செய்தி உங்களுக்கு முக்கியமாகப் பட்டால் அதைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுதி, மூலத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதுமானது.

எழுத்துகள் குழம்புவதற்குக் காரணம் உங்கள் தட்டச்சு அன்று. பள்ளிக் கணினியில் வினாத்தாள் அடிப்பதற்காகப் போட்டு வைத்திருக்கும் பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து உருவாக்கப்பட்டது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் பொருளற்ற குவியலாக வெளிப்பட்டுவிடும். ஒருங்குறி (யூனிகோட்) முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடங்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் வினாத்தாள்களை வீணாக்க வேண்டாம். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கணக்குக் குறியீடுகளையும் பின்னங்களையும்.

விசைப்பலகையைப் பொறுத்தவரை தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்திச் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். "பள்ளி" என்று அடிக்க ப, ள, ள, இ என்று நான்கே தட்டுகள் போதும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஆங்கில எழுத்துகள் வழியே அடிப்பவர்கள் முதல் வாரத்தில் விரைவாக அடிப்பார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்99-இல் எழுதுபவர் தமிழிலேயே நினைத்துக்கொண்டு தமிழிலேயே அடிக்கிறார். நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதுவரை கைபேசியில் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்துங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு ஒற்று விட்டுப்போன இடங்களையும் நிறுத்தக் குறிகளையும் திருத்திக்கொள்ளலாம். எழுதத் தயங்குபவர்களுக்கு இந்த வழி ஒரு நன்மையும் செய்கிறது: பேசும்போது நாம் அறிக்கை மொழியில் பேசுவதில்லை.

வலைப்பூவைத் தொடங்கித் தந்த இளைய ஆசிரியருக்கு என் பாராட்டுகள். அவரிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அது யாருடைய கூகுள் கணக்கில் இருக்கிறது? அவர் கணக்கில் இருந்தால், அவர் மாறுதலாகிப் போகும் நாளிலோ கடவுச்சொல்லை மறக்கும் நாளிலோ உங்கள் எழுத்து உங்கள் கையை விட்டுப் போய்விடும். வலைப்பூக்களுக்கான கூகுளின் பிளாகர் தளத்தில், அமைப்புகள் பகுதியில் உங்கள் மின்னஞ்சலை எழுத்தாளராகச் சேர்த்து, பிறகு நிர்வாகியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கென்று வங்கிக்குக் கொடுத்திருக்கும் மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல் தனியாக ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு முறை உறுதிசெய்யக் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். கருத்துரைகள் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை மதியத்தில் அவரை அருகில் வைத்துக்கொண்டே முடித்துவிடலாம்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விகளில் தவறு நேர்ந்தால் திருத்த முடியாதது இது ஒன்றுதான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயிற்சி வகுப்பில், பின்னக் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை விளக்குவதற்காக ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தைத் திரையில் காட்டினேன். தவறு மிகவும் பாடம் சொல்லும் தவறாக இருந்ததால் அதன்மேலேயே என் கவனம் இருந்தது. பக்கத்தின் மேல் மூலையில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியை என்னிடம் வந்து, அது தன் அண்ணன் மகள் என்றும், வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது என்றும் தணிந்த குரலில் சொன்னார். அவர் கோபப்படவில்லை, அதனால்தான் அது எனக்கு இன்றும் வலிக்கிறது. நாற்பது பேர் இருந்த ஓர் அறையிலேயே அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஒருவர் இருந்தார். நீங்கள் எழுதப்போகும் பக்கமோ யாரும் எப்போதும் பார்க்கக் கூடியது. அதிலும் உங்கள் ஊர்ப் பக்கம், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் ஊர்கள்.

எனவே என் விடை இது: முகம் வேண்டாம். தாளை மடிக்கும் கைகள், நோட்டில் வரைந்த கோடு, மேசைமேல் வெட்டிக் கிடக்கும் முக்கோணங்கள் ஆகியவை உங்கள் பாடத்துக்கு முகங்களைவிட அதிகம் சொல்லும். படத்தில் பெயர், சீருடையில் உள்ள பள்ளி முத்திரை, வருகைப் பதிவு ஒட்டிய சுவர் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத ஒவ்வொருவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆண்டுவிழா போன்ற ஒரு நிகழ்வுக்கு முகம் தெரியும் படம் தேவை என்று பட்டால், பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். எதற்காக, எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லி வாங்குங்கள். சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டதால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். ஒரு பிள்ளை "என் நோட்டைப் போடாதீங்க டீச்சர்" என்று சொன்னால், பெற்றோர் சம்மதித்திருந்தாலும் போடாதீர்கள்.

தவறான விடைகளைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "ஒரு மாணவி" என்று எழுதினாலும், வகுப்பில் இரண்டே மாணவிகள் இருந்தால் அது பெயர் சொன்னதற்குச் சமம். 19 பேர் என்று எண்ணிக்கையாக எழுதினீர்களே, அதுவே சரியான முறை.

தலைமையாசிரியருக்கும் பள்ளிச் செயலருக்கும் ஒரு கடிதம் எழுதி, பாடம் பற்றிய வலைப்பூ ஒன்று எழுதுகிறீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். பள்ளி நிர்வாகம், துறை நடவடிக்கை, உடன் பணிபுரிபவர்கள் ஆகியவற்றை அதில் தொட வேண்டாம்.

புரொஜெக்டருக்கு மறுபடி வருகிறேன். பள்ளியில் இணைய இணைப்பு எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலையில், வகுப்பு நேரத்தில் வீடியோவைத் தேடுவது பிள்ளைகளின் நேரத்தை விழுங்கும். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் கோடுகளை வீட்டிலேயே திறந்து பார்த்து, தேவையானதை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டு போங்கள். 11 நிமிடத்தையும் தொடர்ந்து ஓட்டாமல், ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, நோட்டில் எழுதவைத்த பிறகு மேலே ஓட்டுங்கள். நீங்கள் முன்பு காட்டிய அதே வீடியோவே இப்படிக் காட்டினால் வேறு பாடமாகிவிடும். மின்சாரம் இல்லாத நாளுக்குக் கையில் தாள் இருக்கட்டும்.

அடுத்த பதிவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். உங்கள் பிள்ளைகளில் பலர் ஆத்தங்குடிக் கற்கள் (கையால் செய்யும் வண்ணத் தரை ஓடுகள்) பதித்த தரையில் நடந்து வளர்ந்தவர்கள், அல்லது அவற்றைச் செய்யும் பட்டறைகளைப் பார்த்தவர்கள். முடிந்தால் ஒரு பட்டறைக்குப் போய், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கல் உருவாவதை மட்டும் கைபேசியில் படம்பிடியுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, வார்ப்பைத் தூக்கியபின் கலவை கலையாமல் நிற்பதும், அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை இட்டுச் சமன்செய்வதும், காய்ந்து நீரில் ஊறிய பிறகு கண்ணாடியிலிருந்து பிரித்ததும் மெருகு போடாமலே மேற்பரப்பு பளபளப்பதும் எந்த வகுப்பையும் அசையாமல் உட்காரவைக்கும். பிறகு கல்லின் படத்தைத் திரையில் காட்டி, இதற்கு எத்தனை சமச்சீர்க் கோடுகள் என்று கேளுங்கள். வண்ணத்தைக் கணக்கில் எடுத்தால் ஒரு விடையும் எடுக்காவிட்டால் வேறு விடையும் வரும் கற்கள் உண்டு. இரண்டு விடைகளுக்காகவும் பிள்ளைகள் வாதாடட்டும்.

அதே கல் பரப்பளவுக்கும் உதவும். 12 அடிக்கு 10 அடி அறைக்கு 8 அங்குலக் கல் எத்தனை வேண்டும்? ஒரு பக்கம் 18, மறுபக்கம் 15, ஆக 270, மிச்சமில்லாமல் முடிந்துவிடும். 10 அங்குலக் கல் என்று மாற்றினால் கணக்கு சுவைபடத் தொடங்குகிறது. பரப்பளவை வகுத்தால் 172.8 வருகிறது, எனவே 173 என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் 14 வரிசையில் 12 கற்களாக 168 முழுக்கற்கள் பதித்தபின் 4 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். அதற்கு 12 துண்டுகள் வேண்டும், ஒரு கல்லிலிருந்து இரண்டு துண்டுகள்தாம் கிடைக்கும், ஆகவே 174. வெட்டினால் பூ வேலைப்பாடு கெடும் என்று கொத்தனார் மறுத்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். பெற்றோரில் கொத்து வேலை தெரிந்த ஒருவர் வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் பேசினால், அதுவே தனியாக ஒரு பதிவு.

இதில் ஓர் எச்சரிக்கை. பெரிய வீடுகளின் தரையைப் படமெடுக்க அனுமதி கிடைத்தாலும், எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய வீடு, ஆள் குடியிருக்கிறார்களா என்பவற்றை எழுதாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து தூணும் கதவும் களவுபோவது உங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த துயரம். தரையின் ஒரு கல்லை மட்டும் நெருங்கி எடுத்தால் கணக்குக்குப் போதும்.

எழுதியதைப் பாதுகாப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், நூல்களும் இதழ்களும் மட்டுமல்லாமல், மற்றவர்கள் படித்துவிட்டுத் தூக்கியெறியும் துண்டறிக்கை, அழைப்பிதழ் வரை சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே போகாமல் முடிவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நாடக அறிவிப்பு இன்று பயன்படுவதற்குக் காரணம், அதில் தேதியும் ஊரும் இருக்கின்றன, அதை யாரோ ஒருவர் எடுத்து வைத்தார் என்பதுதான். உங்கள் பதிவுகளிலும் வகுப்பு, பாடம், தேதி ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பிளாகரிலிருந்து முழுப் பதிவுகளையும் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். முக்கியமானவற்றைத் தாளில் அச்செடுத்துப் பாடக்குறிப்பேட்டோடு சேர்த்து வைத்தால், வலைப்பூவைத் திறக்காத உங்கள் சக ஆசிரியர்களும் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

எட்டு ஆண்டுகள்தானே என்று கேட்டிருந்தீர்கள். மாதம் இரண்டு பதிவுகள், ஆண்டுக்குப் பத்து மாதங்கள் என்று வைத்தாலும் 160 பதிவுகள் ஆகின்றன. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களை எண்ணிப் பார்த்தால் 160-க்குள் ஏறத்தாழ எல்லாமே அடங்கிவிடும். மூலைவிட்டத்தை வரைவது உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் செய்யும் தவறு அன்று. கண்டனூரிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கும் ஓர் இளம் ஆசிரியை அதே பாடத்தின் முன்னால் அதே திகைப்போடு நிற்கலாம். அவருக்குப் பயிற்சி வகுப்பில் நான் சொல்ல முடியாததை நீங்கள் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த 31 நோட்டுகளையும் திருத்தியவர் நீங்கள்.

வருகிற வாரம் ஆறாம் வகுப்புக்குத் தாள்களை எடுத்துப் போங்கள். கத்தரிக்கோலை மட்டும் மறக்க வேண்டாம். மடித்தபின் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையாவது கட்டாயம் கேட்கும். பதிவை எழுதி முடித்ததும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள்; முதல் கருத்துரையை நான் எழுதுகிறேன்.